ஐந்து முறை அலசவும்

மார்ச் 2, திங்கள்

மதிப்பிற்குரிய குறிப்பேட்டிற்கு,

வணக்கம். கடந்த பதினேழு நாள்களாகத் தங்களிடம் ஒரு வரியும் எழுதாமல் இருந்தமைக்கு வருந்துகிறேன். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று, பணிச்சுமையே. பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேற்கண்ட வரிகளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார். "நோட்டுக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கடிதம் எழுதுவாங்களா, தலைமையாசிரியம்மா?" எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவளை அப்படி அழைப்பதில் அவருக்கு ஓர் ஆனந்தம். கேலியாகத் தொடங்கியதுதான், இருபது ஆண்டுகளில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"தாமதம் யாரிடம் ஆனாலும் தாமதமே. சொல்லிவிட வேண்டும்" என்றேன். "சரி, சொல்லிட்ட. நோட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

படகுகள் மறுபடியும் நீரில் இறங்கும் காலம். கூடம் முழுக்க, கழுவித் தரச் சொல்லி வந்த படகு உறைகள். எல்லாரும் 'கவர்' என்கிறார்கள். நான் சீட்டில் 'படகுறை' என்றே எழுதுகிறேன். இன்று வந்தவை மூன்று. ஒன்றில் பறவைகளின் எச்சம் காரையாக இறுகியிருந்தது. இன்னொன்றை ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். விரித்ததும் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சணம், கூடவே நனைந்த நாய் வாடை. மூன்றாவதன் கண்ணாடித்தாள் சன்னலை உரிமையாளர் காய்ந்த துணியால் 'பளிச்சென்று' துடைத்திருக்கிறார். உப்புத்தூளோடு துடைத்தால் அது துடைப்பதா, இழைப்பதா? அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால் நல்ல வெயிலிலும் மூடுபனிதான்.

சுவரில் அத்தனையும் எழுதி ஒட்டியிருக்கிறேன், எல்லாரும் படிக்கும்படி. "உறையை ஈரத்துடன் மடித்தல் கூடாது." "சன்னலைத் துடைக்கும் முன் நிறைய நீர் ஊற்றவும்." "கொதிநீர் தவிர்க்க." நடுவில், பெரிய எழுத்தில்: "ஐந்து முறை அலசவும்."

படிப்பவர் எவர்?

மார்ச் 3, செவ்வாய்

பூஞ்சணம் போகவில்லை. வினிகர் கலந்த நீரில் மறுபடியும் ஊற வைத்திருக்கிறேன். வீடெங்கும் ஊறுகாய் வாடை என்கிறார் இவர்.

மார்ச் 5, வியாழன்

இன்று முற்பகல் படகுத் தச்சரின் மகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய பொதி.

"அக்கா, அப்பாவோட படகை மறுபடி தண்ணியில இறக்கப் போறோம். ஏப்ரல் பன்னண்டு, ஞாயித்துக்கிழமை. அவரை உள்ள உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்தணும். இது பரண்ல கெடந்துச்சு. பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டா எனக்குப் பாக்கவே பிடிக்கல. இதைத் தேத்த முடியுமா?"

கயிற்றை அவிழ்க்கும்போதே தெரிந்துவிட்டது. பச்சை. இலைப் பச்சையும் அன்று, புட்டிப் பச்சையும் அன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வலது முன்மூலையைத் தேடினேன். இருந்தது. அருகருகே இரண்டு சிறு பெருக்கல் குறிகள், வெள்ளை நூலில். ஒன்று நான் போட்டது. மற்றொன்று என் தங்கை போட்டது.

"பத்தொன்பது வருஷமாப் பரண்லதான் இருந்ததா?" என்றேன்.

"ஆமா. ஒழுகினதும் கழட்டித் தூக்கிப் போட்டாரு, அவ்வளவுதான். அப்பா இப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: பெரியவகிட்ட குடு, சின்னவ கை அதுல படக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு இன்னும் அந்தக் கோவம் போகல."

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன். சின்னவள் இங்கே இல்லை, அவள் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 6, வெள்ளி

பச்சை உறையை இன்னும் நனைக்கவில்லை. கூடத்தில் விரித்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கெட்டது. பரவாயில்லை.

நாங்கள் முழுதாகத் தைத்த முதல் உறை இது. அதற்கு முன் கிழிசல் ஒட்டு, ஜிப் மாற்றல், இவைதாம். அப்போது வாடகை அறை, வண்ணப்பூச்சுக் கடையின் பின்புறம். ஒரே சன்னல். தையல் இயந்திரத்தைச் சன்னலோரம் போட்டால் கதவு திறக்காது. கதவோரம் போட்டால் வெளிச்சம் வராது. தங்கைதான் தீர்வு கண்டாள். கதவைக் கழற்றிவிட்டாள். கழற்றிய கதவையே இரண்டு பீப்பாய்களின் மேல் போட்டு வெட்டுமேசை ஆக்கினாள். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் கத்தரிக்கோல் தொங்கும். நான்கு ஆண்டுகள் கதவில்லாத அறையில் தொழில் செய்தோம். ஒரு பொருளும் திருடு போகவில்லை. "திருடன் வந்தா அவனையும் துணியோட ஒரு முனையப் பிடிக்கச் சொல்லுவ நீ, அக்கா. அந்தப் பயத்துலதான் வரமாட்டேங்கறான்" என்பாள்.

கற்றுக்கொடுக்க எவரும் இல்லை. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த தாள்களே எங்கள் பள்ளி. நான் உரக்கப் படிப்பேன். அகராதி மடியில் இருக்கும். அவள் கையால் செய்து பார்ப்பாள். துணி பழுதாகுமுன் நூல் இற்றுவிடும் என்பதையும், காய்ந்த ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும் என்பதையும் அவள் விரல்தான் கண்டது. அதைச் சொற்றொடராக்கிச் சுவரில் எழுதியது நான்.

ஐந்து முறை என்பதுகூட அவள் கணக்குத்தான். சோப்பு துணியில் தங்கினால், நீர் புகாமல் இருக்கப் போடும் பூச்சு துணியைப் பிடிக்காது, சோப்பைத்தான் பிடிக்கும். மழை வந்ததும் சோப்போடு சேர்ந்து கழன்று வந்துவிடும் என்று ஒரு பழைய துண்டுத் துணியை வைத்துக் கண்டுபிடித்தாள். "மூணு தடவைல நுரை அடங்கிடும், அக்கா. ஆனா அடங்கினது வேற, போனது வேற. அஞ்சு தடவை." எழுத்து என்னுடையது. எண் அவளுடையது. இதை இதுவரை எங்கும் எழுதவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

இந்தப் பச்சை உறைக்கு அளவெடுத்த நாளில் நாடா போதவில்லை. தச்சரின் படகு அத்தனை நீளம். தங்கை படகின் ஓரத்தில் படுத்துக்கொண்டாள். "தலையில இருந்து கால்வரை ஒரு நான். இன்னும் ரெண்டு நான், ஒரு முழம்" என்று கணக்குச் சொன்னாள். தச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீட்டுல எழுது பெரியவளே, மூணு சின்னவ நீளம்னு!" நான் எழுதினேன். அந்தச் சீட்டு எங்கே போயிற்று?

மார்ச் 8, ஞாயிறு

இன்று விடுமுறை. இவர் பழைய சட்டைகளை ஒழித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையின் பையில் சாயம்போன இரண்டு டிக்கெட் துண்டுகள். "என்ன படம்னு கேக்காத. நான் படத்தையா பாத்தேன்?" என்றார். இந்த வயதில் வெட்கம் வந்தது எனக்கு.

அந்த மாலை முழுவதும் நினைவிருக்கிறது. திருமணமாகி மூன்று மாதம். படகுத்துறையின் சுற்றுச்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இரண்டு டிக்கெட்டையும் விசிறிபோல் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறரை மணிக் காட்சி. நான் தொட்டியில் முழங்கைவரை நுரையோடு. மணியை ஒருமுறை அடித்தார். இரண்டாம் முறை அடிக்கவில்லை. அந்த இரண்டாவது அடிக்காத மணிக்காகவே எழுந்து ஓடினேன் என்று நினைக்கிறேன். சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போனேன். காற்றில் என் கையிலிருந்து எலுமிச்சை சோப்பு வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான மாலை எதுவென எவரேனும் கேட்டால் ஐயமின்றி அதையே சொல்வேன்.

அடுத்து வந்த வாரத்தையும் எழுதத்தான் வேண்டும். முறை என்று ஒன்று உள்ளது.

தச்சர் தம் படகுக்குப் புது இருக்கைகள் செய்து மெருகிட்டிருந்தார். நான் கழுவி, தங்கை பூச்சுப் போட்ட பச்சை உறையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போனார். மூன்று நாள் மழை. திரும்பி வந்து அவிழ்த்தால் உள்ளே கணுக்கால் அளவு நீர். மெருகு வெளுத்து, பலகைகள் ஊதி, ஓர் இருக்கை நடுவில் பிளந்தே விட்டது. படகுத்துறையே கூடியது. எல்லார் முன்னிலையிலும் தச்சர் கேட்டார்: "இது யாரோட வேலை?"

நான் சொன்னேன்: "கழுவியது நான். அதில் குறை இல்லை. பூச்சு இவள் போட்டது. தண்ணீர் கலந்திருப்பாள்."

தங்கை என்னைப் பார்த்தாள். "நான் கலக்கலக்கா" என்றாள். இரண்டு சொல். அதற்குமேல் பேசவில்லை.

பேசாதவள் குற்றவாளி என்று எண்ணினேன். துறையில் அவளுக்கு 'ஒழுகல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, பூச்சுப் போடும் அகலத் தூரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறோர் ஊருக்குப் போய்விட்டாள். அம்மா இறந்தபோது வந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள் என்னிடம். அதுவரை என்னை 'நீ' என்று மட்டுமே அழைத்தவள்.

நான் மரியாதையைப் பெரிதும் மதிப்பவள். அந்த ஒரு மரியாதை மட்டும் இன்றும் செரிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நுரை வருகிறது.

மார்ச் 9, மாலை

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை பத்து மணிக்குப் பச்சை உறையை உதறி, மென்தூரிகையால் தூசி தட்டி, பெரிய தொட்டியில் இறக்கினேன். இளஞ்சூட்டு நீர். வெறும் நீர். சோப்புக் கட்டியின் காகிதத்தையே இன்னும் பிரிக்கவில்லை. கையால் அமுக்கினேன். விளிம்பிலிருந்து நுரை வந்தது.

தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்தேன். நீரை வடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் வெறும் நீர். மறுபடியும் நுரை. கயிறு ஓடுவதற்காக மூன்றாக மடித்துத் தைத்த விளிம்பு முழுக்க, பிழியப் பிழிய. தையல் வரிகளில் வெள்ளை வெள்ளையாக. நடுத்துணியில் இருந்ததை அந்த மூன்று நாள் மழை கொண்டுபோயிருக்கும். மடிப்புக்குள் இருந்தது பரணில் காய்ந்து அப்படியே கிடந்திருக்கிறது.

குனிந்து மோந்தேன். எலுமிச்சை. அந்த மஞ்சள் கட்டி சோப்புக் கடைக்கு வருவது நின்றே பல காலம் ஆகிறது.

பூச்சில் தண்ணீர் இல்லை. துணியில் சோப்பு. அலசியது யார்? நான். நான்தானே அலசினேன்.

எத்தனை தடவை? எத்தனை தடவைடீ அலசின?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு.

மார்ச் 11, புதன்

மறந்துவிட்டேன் என்று எழுதினால் எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது உண்மையன்று.

முதல் முறை அலசினேன். இரண்டாம் முறை அலசினேன். மூன்றாவதற்குத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. குழாயை மூடினேன். உறையைத் தூக்கிக் கொடியில் போட்டேன். கையை முந்தானையில் துடைத்தபடி தங்கையிடம் சொன்னேன்: "அஞ்சு தடவை அலசிட்டேன். காஞ்சதும் பூச்சைப் போட்டுடு."

அவள் "சரிக்கா" என்றாள். எண்ணிப் பார்க்கவில்லை. அக்கா சொன்ன எண்ணை எண்ணுவாளா?

மறுநாளே அந்தப் பொய் எனக்கு நினைவில்லை. ஒரு வாரம் கழித்துத் தச்சர் கேட்டபோது, ஐந்து முறை அலசியதாகவே முழுமனதோடு நம்பினேன். இதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. நான் அங்கே பொய் சொல்லவில்லை. முன்பே சொல்லிவிட்ட பொய்யை நானே உண்மையென்று வாங்கி வைத்திருந்தேன்.

அவள் போனபின் ஒருமுறைகூட ஐந்துக்குக் குறைத்து அலசியதில்லை. ஒன்றும் ஒழுகியதும் இல்லை. "பொறுப்பு வேண்டும், அவ்வளவுதான்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இவரிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"அப்போ நான் மணி அடிச்சதாலயா?"

"நீங்கள் ஒரு முறைதான் அடித்தீர்கள்."

"ஒண்ணு அடிச்சாலும் அடிச்சதுதானே." நறுக்கியதை ஓரமாக ஒதுக்கினார். "தப்புல பாதி எனக்குக் குடு."

"முடியாது. முழுவதும் என்னுடையது."

"அதுலயும் பங்கு தரமாட்ட. சரி, இனிமே என்ன பண்ணப் போற?"

"கடிதம் எழுதப் போகிறேன்."

"போன் நம்பர் இருக்கே."

தொலைபேசியில் அவள் "நல்லாருக்கீங்களா" என்று கேட்பாள். நான் "நலம்" என்பேன். அதோடு முடிந்துவிடும். பத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

முதல் வரைவு: "அன்புசால் தங்கைக்கு, தங்கள்பால் இழைக்கப்பட்ட ஒரு பிழை குறித்து இம்மடல் வாயிலாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்..."

இவர் படித்தார். "இது மன்னிப்பா, டெண்டரா?"

கோபம் வந்தது. மறுபடியும் படித்தேன். 'இழைக்கப்பட்ட' என்று எழுதியிருக்கிறேன். யாரால் என்று எழுதவில்லை. நல்ல தமிழுக்குள் ஒளிந்துகொள்ள எத்தனை இடம் இருக்கிறது! கிழித்துவிட்டேன்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வானிலை பற்றி ஒரு பத்தி.

மார்ச் 13, வெள்ளி

அவளுக்கு எழுதுமுன் தச்சரிடம் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயர் வைத்தது படகுத்துறை. அதை எடுக்க வேண்டியதும் அங்கேதான். அவருடைய மகள் வீட்டுக்குப் போனேன்.

சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்துவிட்டார், கைகள் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வழியிலேயே அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"ஆ?" என்றார் காதில் கை வைத்து.

மறுபடியும் சொன்னேன், சுருக்கமாக.

"காது கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

வாசலில் பேச்சு நின்றுவிட்டது. மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். என்ன அழகாக அமைத்திருந்தேன் அந்த வாக்கியத்தை! ஒன்றும் மிஞ்சவில்லை. கத்தினேன்:

"உங்க படகு கெட்டது என்னாலதான்! நான் சரியா அலசல! சின்னவ மேல தப்பில்ல!"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்கை பொளந்ததே, அதுவும் உன்னாலயா?"

"அதுவும்!"

"அடப்பாவி" என்றார். பிறகு, "பத்தொன்பது வருஷமா ஆளு மாத்தி ஏசிட்டு இருந்திருக்கேனே. அத்தனையும் வீணு. இனிமே முதல்லேருந்து உன்னை ஏசணும். அதுக்கு எனக்கு ஆயுசு பத்தாது" என்று தலையில் அடித்துக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை.

நான் கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். "துணியை நல்லா அலசு. ஆனா பூச்சு நீ போடாத. அது சின்னவ வேலை. அவ கையால போட்டாத்தான் நான் படகுல கட்டுவேன். இல்லேன்னா அந்தப் பிளாஸ்டிக்கே போதும்."

"அவள் வருவாளா என்று தெரியாது."

"ஆ?" என்றார். இதை மட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 14, சனி

அனுப்பிவிட்டேன். படி எடுத்து வைக்கவில்லை. நினைவிலிருந்து:

"தங்கச்சி, தச்சரின் பச்சை உறை திரும்பி வந்திருக்கிறது. வெறும் நீரில் போட்டேன், நுரை வந்தது. நான் இரண்டு முறைதான் அலசினேன். ஐந்து என்று உன்னிடம் சொன்னது பொய். எல்லார் முன்னாலும் பழியை உன்மேல் போட்டேன். நீ தண்ணீர் கலக்கவில்லை. தச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், வாசல்வரை கேட்கும்படி. இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பூச்சு நீதான் போட வேண்டும் என்கிறார். நானும் அதையே கேட்கிறேன். ஏப்ரல் பன்னிரண்டுக்குள் வர முடியுமா?"

தபால்பெட்டியில் போட்டபின் கை உள்ளேயே சற்று நேரம் இருந்தது. பின்னால் நின்றவர், "அக்கா, கை மாட்டிக்கிச்சா?" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

பதில் இல்லை. மூன்று நாள்தானே ஆகிறது.

பச்சை உறையின் விளிம்புத் தையலை இரண்டு சாண் பிரித்து, உள்ளே நீர் பாய்ச்சி அலசினேன். நான்காம் முறை.

மார்ச் 19, வியாழன்

பதில் இல்லை. ஐந்தாம் முறை. சோப்பு மணம் மட்டும் இருக்கிறது. அடங்கினது வேற, போனது வேற.

மார்ச் 21, சனி

தச்சரின் மகள் வந்து கேட்டாள், "ஏதாவது தகவல் வந்துதாக்கா?" இல்லை என்றேன். "அவங்க வரலேன்னா நீங்களே போட்டுடுங்க. அப்பாகிட்ட சின்னவங்கதான் போட்டாங்கன்னு சொல்லிடலாம். அவருக்கு எங்க தெரியப் போகுது?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அலமாரியைத் திறந்து பார்த்தேன். பூச்சு டப்பா புதிது, முத்திரையோடு. இரண்டு நாளில் போட்டு, இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியவள் என்று எனக்குத் தெரியும்.

"வேண்டாம்மா. அவள் வராவிட்டால் வரவில்லை என்றே சொல்வேன்" என்றேன். டப்பாவைப் பின்வரிசைக்குத் தள்ளினேன்.

மார்ச் 24, செவ்வாய்

இல்லை.

இவர் தாமாகவே துறைச் சுவர்வரை நடந்துபோய்த் தபால்காரரைக் கேட்டுவிட்டு வருகிறார். "சும்மா நடந்தேன்" என்கிறார்.

மார்ச் 26, வியாழன்

வந்தது. அவள் கையெழுத்து இன்னும் அப்படியே, வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

"அக்கா, உன் லெட்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு. முதல் நாள் படிச்சுட்டுக் கிழிச்சுப் போடலாம்னு இருந்தேன். கோவம் அப்படி வந்துது. இன்னும் இருக்கு. போகாது போல. பத்தொன்பது வருஷம் ஆச்சா உனக்கு நுரையப் பாக்க?

ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் பூச்சு போடும்போது தூரிகை வழுக்கிச்சு. சோப்பு இருக்கோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஆனா நீ அஞ்சு தடவைன்னு சொன்னியே. நீ சொன்னா சரின்னு மேல போட்டுட்டேன். துறையில அத்தனை பேரு முன்னாடி அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரல. கலக்கலக்கான்னு சொன்னா நீ நம்புவேன்னு நெனச்சேன்.

தச்சர்கிட்ட நீ கத்தினதை நான் பாக்கணும். வாசல்வரை கேட்டுதாமே.

நீ டப்பாவைத் திறக்காத. அகலத் தூரிகை என்கிட்டதான் இருக்கு, முடி உதிரல. எத்தனை தடவை அலசின? உண்மையச் சொல்லு."

நின்றுகொண்டே படித்தேன். 'நீ' என்று எழுதியிருக்கிறாள். இவர் கேட்டார், "என்ன சொல்றா?" கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "திட்டறாளே! நல்ல சேதிதான்" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

இன்று வேறு குறிப்பு இல்லை. அவளுக்கு எழுதியதன் படி:

"தங்கச்சி,

ஏழு முறை அலசியிருக்கிறேன். விளிம்பைப் பிரித்து உள்ளேயும். ஏழாவது நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் குலுக்கி, சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு குமிழியும் இல்லை. நம்பாதே. வந்து நீயே ஒருமுறை அலசிப் பார்.

துணி கூடத்தில் நிழலில் காய்கிறது. டப்பா திறக்கவில்லை. மூலையில் உன் பெருக்கல் குறி அப்படியே இருக்கிறது. என்னுடையதில் ஒரு கால் பிரிந்துவிட்டது. நீ வந்ததும் தைத்துக்கொள்கிறேன்.

கோபத்தை அங்கே வைத்துவிட்டு வர வேண்டாம். கூடவே எடுத்து வா. இது பழைய அறை இல்லை, கூடம் பெரியது. கதவும் இருக்கிறது, வேண்டுமானால் கழற்றிவிடலாம்.

உன் அத்தான் சைக்கிளோடு நிறுத்தத்தில் நிற்பார். மணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த வண்டியில் வருகிறாய்? உடனே பதில் போடு."